பயாப்சின்னாலே கேன்சர்தானா? ஸ்கின் டாக்டர் துளித் தோலை எடுத்து என்ன பார்க்கிறார்?

தோழியின் தம்பிக்கு வயது 24. இடது முன்னங்கையில் ரூபாய் நாணய அளவுக்கு வெளிறிப்போன ஒரு திட்டு. 'தேமல்தானே' என்று விட்டுவிட்டான். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவினான். அது தீர்ந்ததும் இன்னொரு ட்யூப். எட்டு மாதம் இப்படியே ஓடிவிட்டது. ஒருநாள் சூடான டீ கிளாஸ் அந்த இடத்தில் பட்டும் சூடே தெரியவில்லை. அதன்பிறகுதான் ஸ்கின் டாக்டரிடம் போனான். அவர் திட்டைப் பார்த்தார், பஞ்சால் தொட்டு 'தெரியுதா?' என்று கேட்டார். கடைசியில், "ஒரு பயாப்சி எடுத்துப் பார்த்துடலாம்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா கேன்சர் என்றே முடிவுகட்டிவிட்டார். ஊரிலிருந்து மாமா போன் போட்டு, "கத்தி பட்டா பரவிடும், கை வைக்க விடாதீங்க" என்றார். இரண்டு முறை அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போனது.

பயாப்சி என்றாலே கேன்சர் டெஸ்ட் என்ற பயம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால், தோல் விஷயத்தில் பெரும்பாலும் கேள்வியே வேறு. சிவப்பது, தடிப்பது, செதில் உதிர்வது, நிறம் மாறுவது... தோலுக்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான். நூறு நோய்கள் வந்தாலும் இந்த நாலைந்து அடையாளங்களைத்தான் மாற்றி மாற்றிக் காட்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். சொரியாசிஸில் மேல்தோல் தடித்திருக்கும். லைக்கன் பிளானஸில் மேல்தோலுக்கு அடியில் அழற்சி செல்கள் பட்டையாகக் கூடி நிற்கும். தொழுநோயில் நரம்புகளைச் சுற்றியே அழற்சி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் பயாப்சி தேவையில்லை. படர்தாமரை என்று சந்தேகம் வந்தால் மேலே இருக்கும் செதிலைச் சுரண்டிப் பார்த்தாலே பல நேரம் போதும். கண்ணால் பார்த்தும் புரியாதபோது, சிகிச்சை கொடுத்தும் கேட்காதபோது, நீண்டநாள் மருந்து கொடுப்பதற்கு முன் உறுதி செய்ய வேண்டியிருக்கும்போதுதான் டாக்டர் இதைக் கேட்பார்.

நாலு மில்லிமீட்டர்தான்!

அதிகம் செய்யப்படுவது பஞ்ச் பயாப்சி. பேனா போன்ற ஒரு கருவி, அதன் முனையில் வட்டமான பிளேடு. வழக்கமாக 4 மி.மீ விட்டம், கிட்டத்தட்ட பென்சில் முனையில் இருக்கும் ரப்பரைவிடச் சின்னது. முதலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். உண்மையில் வலி என்றால் அந்த ஊசிதான், சில நொடிகளுக்குச் சுரீர் என்று எரியும். பிறகு அழுத்துவதும் திருகுவதும் தெரியும், வலிக்காது. ஒன்றோ இரண்டோ தையல். வீட்டுக்கு வந்துவிடலாம். முகத்தில் என்றால் ஒரு வாரத்துக்குள் தையல் பிரிப்பார்கள், கை கால் என்றால் 10 முதல் 14 நாள்கள். சின்னத் தழும்பு நிற்கும். காயம் பட்டால் தழும்பு புடைத்து வளரும் உடம்பு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும். ஆனால், நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எடுத்த துண்டு ஃபார்மலினில் போட்டு லேபுக்குப் போகும். கொப்புளம் வரும் பெம்ஃபிகஸ் மாதிரி நோய்களில் மட்டும் இரண்டு துண்டுகள் எடுப்பார்கள். இரண்டாவதை, கொப்புளத்துக்குப் பக்கத்தில் பார்க்க நன்றாக இருக்கும் தோலிலிருந்து எடுத்து, ஃபார்மலின் இல்லாத வேறு திரவத்தில் அனுப்புவார்கள். 'நல்லா இருக்கிற இடத்துல ஏன் வெட்டுறாங்க' என்று பதற வேண்டாம். நோய் எதிர்ப்புப் புரதங்கள் தோலில் எங்கே படிந்திருக்கின்றன என்று பார்க்க அந்த இடம்தான் சரி.

ட்யூப் தடவியதை மறைக்காதீர்கள்

பலர் சொதப்பும் இடம் இதுதான். மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு' என்று கேட்டால் கிடைக்கும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தோலுக்கான ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியைக் கடுமையாக்கினார்கள். நடைமுறை என்னவென்று நமக்கே தெரியும். ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கும், அதனால் அரிப்பும் சிவப்பும் குறையும். பயாப்சியில் தேட வேண்டியதே அந்த அழற்சியின் வடிவத்தைத்தான். அது அமுங்கிப்போயிருந்தால் துண்டு சரியான பதில் சொல்லாது. அந்த ட்யூபையே எடுத்துப்போய்க் காட்டிவிடுவது உத்தமம். தேவைப்பட்டால் சில வாரம் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பிறகு எடுப்பார்கள்.

சரி, மாமா சொன்ன 'கத்தி பட்டா பரவிடும்'? நிஜமாகவே கேன்சர் சந்தேகம் உள்ள மச்சத்தை முடிந்தவரை முழுசாக, ஓரத்தில் கொஞ்சம் தோலோடு சேர்த்தே எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஆபத்து கத்தியில் இல்லை, தள்ளிப்போடுவதில்தான். பாடகர் பாப் மார்லி கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் வந்த புண்ணை ஃபுட்பால் காயம் என்றே நினைத்திருந்தார். 1977-ல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுக்கச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. 1981-ல், 36 வயதில் இறந்துபோனார். கறுப்பான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா அபூர்வம்தான். வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில்தான் அதிகம் வருகிறது. அங்கே புதிதாக ஒரு கறுப்புக் கோடோ புள்ளியோ வந்து பெரிதாகிக்கொண்டே போனால் காட்டிவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து கூகுளில் தேடுவது நம் பழக்கம். தோல் ரிப்போர்ட்டில் அது பெரும்பாலும் வீண் வேலை. நோயாளியை நேரில் பார்த்த டாக்டரின் கணிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டிய காகிதம் அது. சில சமயம் 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்றும் வரும், மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

தம்பிக்கு அப்படி இல்லை, தெளிவாகவே வந்தது. தொழுநோய், ஆரம்ப நிலை. வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்துச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குப் பரவும் வாய்ப்பு போய்விடும். வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள், யாருக்கும் இல்லை. விரல்கள் மடங்கிப்போகும் அளவுக்கு நரம்பு பாதிக்கும் முன்பே பிடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் தொடு உணர்வு முழுசாகத் திரும்புமா என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கேன்சர் இல்லை என்றதும் அம்மா அழுதே விட்டாராம். மாமாவிடம் மட்டும், 'ஏதோ அலர்ஜியாம்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.