‘ஹம் லோக்’ தொடரும் தன்மைப் பன்மையும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

தூரதர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் 1984 ஜூலை 7 அன்று தொடங்கி 1985 டிசம்பர் 17 அன்று முடிவுற்ற ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடர், இந்தியத் தொலைக்காட்சியின் முதல் குடும்பத் தொடராகக் கருதப்படுகிறது. பதினேழு மாதங்களும் நூற்றைம்பதுக்குச் சற்று மேற்பட்ட பகுதிகளுமே அதன் ஆயுள். ஆயிரம் பகுதிகளை எளிதில் கடக்கும் பிற்காலத் தொடர்களோடு ஒப்பிட்டால் இது குறுகிய வாழ்வே. ஆயினும் குடும்பத் தொடர் ஒன்றை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்லும்போது எழும் சிக்கல்களை ஆராய்வதற்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. ஏனெனில் இத்தொடரின் தலைப்பே ஒரு தன்மைப் பன்மைப் பெயர். முதன்மை மாந்தரின் பெயர்களோ பிறப்பு வரிசையைச் சுட்டும் சொற்கள்.

தலைப்பு, மாந்தர் பெயர்கள் ஆகிய இவ்விரு கூறுகளும் தமிழில் எவ்வாறு அமையக்கூடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டுக்காகத் திருவனந்தபுரம் தம்பானூர்ப் பகுதியின் பேச்சு வழக்கிற்குரிய எளிய தொடர்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் அமைந்துள்ள தம்பானூரில் மலையாளமும் நாகர்கோவில் வட்டாரத் தமிழும் நாள்தோறும் அருகருகே வழங்குகின்றன. ரயில் அறிவிப்புகளின் வழியாக இந்தியும் செவியில் விழுகிறது. இக்கட்டுரைக்குத் தேவையான மூன்று மொழிகளும் ஒருங்கே கிடைக்கும் இடம் இது.

2. தொடரும் நடிகர்களும்

குடும்பக் கதையின் வழியே சமூகச் செய்திகளைப் பரப்பலாம் என்னும் கருத்து மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கு மிகேல் சபீதோ 1970களில் உருவாக்கிய தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டு, அன்றைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் வசந்த் சாட்டே இம்முயற்சிக்கு ஊக்கம் அளித்தார். கதை, உரையாடலை மனோகர் ஷியாம் ஜோஷி (1933–2006) எழுதினார், பி. குமார் வாசுதேவ் இயக்கினார். ஜோஷி இந்தி நாவலாசிரியர். பேச்சு வழக்கின் பல்வேறு படிநிலைகளைக் கையாள்வதில் பெயர் பெற்றவர்.

கதை வட இந்தியக் கீழ்நடுத்தரக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. குடிப்பழக்கத்திற்கு ஆளான தந்தை பசேசர் ராமாக வினோத் நாக்பாலும், அனைத்தையும் பொறுத்துக்கொள்ளும் தாய் பகவந்தியாக ஜெயஸ்ரீ அரோராவும் நடித்தனர். தாத்தாவாக லஹிரி சிங்கும் பாட்டியாக சுஷ்மா சேத்தும் தோன்றினர். மூத்த மகன் லல்லு ராஜேஷ் பூரி. இளைய மகன் நன்ஹே அபினவ் சதுர்வேதி. மகள்கள் மூவருள் பட்கியாக சீமா பார்கவாவும் (பின்னர் சீமா பாவா), மஜ்லியாக திவ்யா சேத்தும், சுட்கியாக லவ்லீன் மிஸ்ராவும் நடித்தனர். திரையில் பாட்டியும் பேத்தியுமாக வந்த சுஷ்மா சேத்தும் திவ்யா சேத்தும் வாழ்வில் தாயும் மகளும் ஆவர். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் கதையின் போக்கைப் பற்றி நேயர்களோடு சில நொடிகள் பேசுவார். இக்கட்டுரையின் நோக்கில் இவரே இத்தொடரின் மிக முக்கியமான பேசுநர்.

3. தலைப்பில் உள்ள தன்மைப் பன்மை

‘ஹம்’ என்பது இந்தியில் தன்மைப் பன்மை. ‘லோக்’ என்பதற்கு ‘மக்கள்’ என்று பொருள். கிழக்கு இந்தி வழக்குகளில் ‘ஹம்’ என்பது ஒருமைக்கும் வழங்குவதால், பன்மையை ஐயமறக் காட்ட ‘லோக்’ சேர்க்கப்படுகிறது. எனவே ‘ஹம் லோக்’ என்பது எண்ணைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் கேட்பவர் அந்தப் பன்மைக்குள் அடங்குவாரா என்பதை அது காட்டுவதில்லை.

தமிழில் நிலைமை வேறு. கேட்பவரை உளப்படுத்தினால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. இவ்வேறுபாடு பழமையானது. பழந்தமிழில் ‘நாம்’ முன்னிலையாரை உளப்படுத்தியது. ‘யாம்’ அவரை விலக்கியது. ‘நாங்கள்’ பின்னர்த் தோன்றிய வடிவம். வினைமுற்று விகுதிகளிலும் இப்பாகுபாடு இருந்ததை இலக்கண நூலார் குறிக்கின்றனர். அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரையும், எம், ஏம் விகுதிகள் படர்க்கையாரையும் உளப்படுத்தும் என்பர். நன்னூலார் ‘ஓம்’ விகுதியையும் பின்னைய வரிசையில் சேர்ப்பார். இன்று அந்த ‘ஓம்’ ஒன்றே இரண்டிற்கும் வழங்குகிறது: நாம் வந்தோம், நாங்கள் வந்தோம். விகுதி இழந்த வேறுபாட்டை இன்று பெயர் மட்டுமே தாங்கி நிற்கிறது.

மலையாளத்தில் வினைமுற்று இட வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆயினும் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என்னும் பெயர்களின் வழி இப்பாகுபாடு உறுதியாக நிலைபெற்றுள்ளது. தெலுங்கிலும் ‘மனமு’, ‘மேமு’ என இரு வடிவங்கள் உள்ளன. இன்றைய கன்னடத்தில் ‘நாவு’ ஒன்றே. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் பெரும்பாலும் ‘நாங்கள்’ என்பதே இரு பொருளுக்கும் வழங்குகிறது. வட இந்திய மொழிகளுள் மராத்தியும் குஜராத்தியும் இவ்வேறுபாட்டைப் பெற்றுள்ளன.

பின்வரும் தொடர்களை நோக்குக:

(1) தமிழ்
அ. நம்ம வண்டி வந்தாச்சு.
ஆ. எங்க வண்டி வந்தாச்சு.

(2) மலையாளம்
அ. நம்முடெ வண்டி வந்நு.
ஆ. ஞங்ஙளுடெ வண்டி வந்நு.

(3) இந்தி
ஹமாரீ காடீ ஆ கயீ.

தம்பானூரில் நாகர்கோவில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவர், அதே பேருந்தில் செல்லவிருக்கும் மற்றவரிடம் (1அ)வைக் கூறுவார். வழியனுப்ப வந்தவரிடம் (1ஆ)வைக் கூறுவார். முதலாவது உடன் வருமாறு அழைக்கும் குறிப்புடையது. இரண்டாவது விடைபெறும் குறிப்புடையது. மலையாளத் தொடர்களும் அவ்வாறே. இந்தித் தொடர் (3) இவ்விரு சூழல்களுக்கும் பொதுவானது. சூழலே பொருளை முடிவு செய்கிறது. மேலும், விருந்தினரை ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்று அழைக்கும்போது வீடு விருந்தினருக்கு உரியதன்று. உளப்பாட்டு வடிவம் உண்மை நிலையைக் கூறாமல் உறவை உருவாக்கும் கருவியாகவும் பயன்படுவதை இதனால் அறியலாம்.

4. அசோக் குமாரின் பேச்சும் ‘நாம்’ என்பதன் எல்லையும்

தலைப்பு மொழிபெயர்ப்பில் எழும் வினா இதுதான்: இத்தொடர் ‘நாமா’, ‘நாங்களா’? கதைமாந்தர் தம் வறுமையையும் பூசலையும் பேசும்போது அவர்களது ‘ஹம்’ நேயரை விலக்கியது. தமிழில் அது ‘நாங்கள்’. அசோக் குமார் கதையின் நிகழ்ச்சியைச் சுட்டி நேயரை நோக்கிப் பேசும்போது அவரது ‘ஹம்’ நேயரை உளப்படுத்தியது. தமிழில் அது ‘நாம்’. சமூகச் செய்தியைப் பரப்பும் தொடருக்கு இந்த நகர்வே உயிர். அக்குடும்பத்தின் இடர்ப்பாடு தன்னுடையதும் ஆகும் என்று நேயர் உணர்ந்தாலன்றித் தொடரின் நோக்கம் நிறைவேறாது. இந்திச் சொல் மாறாதிருப்பதால் இந்த நகர்வு இந்தியில் சொல்லளவில் புலப்படுவதில்லை.

பிற்பகுதிகளில் அசோக் குமார் தம் பேச்சின் முடிவில் ‘ஹம் லோக்’ என்பதைப் பல்வேறு இந்திய மொழிகளில் கூறி விடைபெறுவதை வழக்கமாகக் கொண்டார். ஒற்றுமையைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட இச்சிறு செயல் மொழியியலாளருக்கு ஒரு சிக்கலை முன்வைக்கிறது. இந்தித் தலைப்பு மூடிவைத்த வினாவைத் தமிழ், மலையாளம், தெலுங்கு, மராத்தி, குஜராத்தி ஆகிய மொழிகள் ஒவ்வொன்றும் திறந்தே ஆகவேண்டும். அம்மொழிகளில் ஒரு சொல்லைக் கூறும் கணத்திலேயே கேட்பவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பது முடிவாகிவிடுகிறது.

இது வெறும் இலக்கண நுட்பம் அன்று. இத்தொடரை விரிவாக ஆராய்ந்த அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர், வட இந்தியாவில் இதன் நேயர் அளவு 65 முதல் 90 விழுக்காடு வரையும், தென்னிந்தியாவின் முக்கிய நகரங்களில் 20 முதல் 45 விழுக்காடு வரையும் இருந்ததாகக் குறிக்கின்றனர். நேயர்களிடமிருந்து வந்த கடிதங்கள் நான்கு லட்சத்திற்கு மேல். தெற்கில் நேயர் குறைந்ததற்கு இந்தி புரியாமையே முதற்காரணம். பெயர்ச்சொல் ஒன்றின் மேல் அதனை ஏற்றுவது பொருந்தாது. எனினும் ‘தேசிய’ ஒளிபரப்பு எனப்பட்ட ஒன்றின் ‘ஹம்’, வடக்கே ‘நாம்’ என்றும் தெற்கே ‘நாங்கள்’ என்றும் கேட்டது எனலாம். திருவனந்தபுரத்திலிருந்து மலையாள நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகத் தொடங்கியது 1985-இல்தான் என்பது இங்குக் கருதத்தக்கது. ‘ஹம் லோக்’ தன் பாதி வழியில் இருந்தபோது, மலையாள நேயருக்கு அவர்தம் மொழியிலேயே ‘நம்மள்’ என்று கூறும் நிகழ்ச்சிகள் பிறந்துகொண்டிருந்தன.

5. மாந்தர் பெயர்களும் உறவுமுறையும்

பட்கி என்பது ‘மூத்தவள்’, மஜ்லி ‘நடுவிலவள்’, சுட்கி ‘இளையவள்’, நன்ஹே ‘சின்னஞ்சிறியவன்’ என்று பொருள்படும். லல்லு என்பது செல்லப் பிள்ளையையும் வெகுளியையும் ஒருங்கே குறிக்கும். இவை வீட்டுப் பெயர்கள். பட்கியின் இயற்பெயர் குணவந்தி. மஜ்லியின் இயற்பெயர் ரூபவந்தி. சுட்கியின் இயற்பெயர் பிரீத்தி. தாய் பகவந்தியின் பெயரில் உள்ள ‘வந்தி’ என்னும் ஈறு முதலிரு மகள்களின் பெயர்களிலும் தொடர்ந்து, மருத்துவராக விரும்பும் கடைசி மகளிடம் மறைந்து போவது நோக்கத்தக்கது. தலைமுறை மாற்றத்தைப் பெயர் வைப்பிலேயே காட்டியுள்ளார் ஆசிரியர்.

வீட்டுப் பெயர்கள் பெற்றோரின் இருப்பிடத்திலிருந்து எண்ணப்படுபவை. மஜ்லி எவர் பேசினாலும் மஜ்லியே. தமிழ் உடன்பிறப்புச் சொற்களோ பேசுபவரின் இருப்பிடத்தைச் சார்ந்தவை. மஜ்லி பட்கிக்குத் தங்கை, சுட்கிக்கு அக்கா. இந்தியில் ‘பஹன்’ என்னும் ஒரு சொல் இரண்டிற்கும் பொது. தமிழில் ‘சகோதரி’ என்னும் பொதுச்சொல் இருப்பினும் வீட்டுப் பேச்சில் அது வழங்காது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் அக்காவா, தங்கையா என்று முடிவு செய்தாக வேண்டும். மலையாளத்தின் ‘சேச்சி’, ‘அனியத்தி’ ஆகியவையும் இவ்வகையினவே. மூத்த ஆண் உடன்பிறப்பை மலையாளத்தில் பொதுவாகச் ‘சேட்டன்’ என்பர். திருவனந்தபுரம் வட்டாரத்திலோ ‘அண்ணன்’ என்பது இயல்பான வழக்கு. தம்பானூரில் அறிமுகமற்ற ஒருவரை ‘அண்ணா’ என்று விளிப்பவர் எம்மொழியினர் என்பதை அச்சொல் ஒன்றைக் கொண்டு துணிய இயலாது.

பெற்றோர் தலைமுறை உறவுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. இந்தியில் தாயின் உடன்பிறந்தான் ‘மாமா’, தந்தையின் உடன்பிறந்தாள் கணவன் ‘பூபா’, மாமனார் ‘சசுர்’. தமிழில் இம்மூவரும் ‘மாமா’ என்னும் விளிக்குள் அடங்குவர். இது தற்செயலன்று, மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் முறையின் விளைவு. தமிழின் ‘முறைப்பெண்’, மலையாளத்தின் ‘முறப்பெண்ணு’ ஆகிய சொற்கள் இம்முறைக்குச் சான்று. வட இந்திய இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் இத்திருமணம் விலக்கப்பட்டது. எனவே இந்தித் தொடர் ஒன்றின் ‘பூபா’வைத் தமிழில் ‘மாமா’ என்று ஆக்கும்போது, அவர் மகளைக் கதைத்தலைவன் மணக்கலாம் என்னும் எதிர்பார்ப்பு தமிழ் நேயரிடம் தானே தோன்றிவிடும். சொல்லோடு திருமண விதியும் சேர்ந்தே மொழிபெயர்க்கப்படுகிறது. இதனைத் தவிர்க்கப் பெயரோடு ஊரையோ பட்டப்பெயரையோ சேர்த்து விளித்தல், விளியைக் குறைத்து இயற்பெயரை மிகுத்தல் போன்ற உத்திகள் பயன்தரும்.

6. பிற்காலச் சான்று ஒன்று

இந்திக் குடும்பத் தொடர்கள் பல பின்னாளில் தமிழில் குரல்மாற்றம் செய்யப்பட்டு ஒளிபரப்பாயின. அவற்றுள் ஒன்று ‘தியா ஔர் பாத்தி ஹம்’. ‘விளக்கும் திரியும் நாம்’ என்பது இத்தலைப்பின் நேர்ப்பொருள். கணவனும் மனைவியும் தமக்குள் கூறிக்கொண்டால் ‘நாம்’; பிறரிடம் கூறினால் ‘நாங்கள்’. தமிழில் இத்தொடர் ‘என் கணவன் என் தோழன்’ என்னும் தலைப்பைப் பெற்றது. தன்மைப் பன்மை நீங்கி, தன்மை ஒருமையின் உடைமை வடிவம் இடம்பெற்றது. இருவரின் கூற்று மனைவி ஒருத்தியின் கூற்றாயிற்று. காரணம் எதுவாயினும், நாம்–நாங்கள் தேர்வை நேரிடாமல் கடக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் அவ்வழியில் கணவனின் குரல் மறைகிறது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, குடும்பத் தொடரில் இடப்பெயர்களும் உறவுப்பெயர்களும் துணைக் கூறுகள் அல்ல. கதையின் உறவு அமைப்பைத் தாங்குபவை அவையே. எனவே உரையாடலைப் பெயர்க்கத் தொடங்குமுன், ஒவ்வொரு மாந்தரும் மற்ற ஒவ்வொருவரையும் எவ்வாறு விளிப்பர் என்னும் பட்டியலை வகுத்துக்கொள்வது இன்றியமையாதது. இரண்டாவது, மூலமொழி வேறுபடுத்தாத ஒன்றைப் பெறுமொழி வேறுபடுத்தும்போது அதனை இழப்பாக மட்டும் கருதுதல் தவறு. ‘ஹம் லோக்’ தமிழில் வருமாயின், தலைப்பில் ‘நாங்கள்’ என்று தொடங்குதலே பொருந்தும். கதவைத் திறந்து தம்மை அறிமுகப்படுத்தும் குடும்பத்தின் சொல் அது. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் பேசுநர் ‘நாம்’ என்று கூறும்போது, நேயர் அக்கதவின் உள்ளே வந்துவிட்டமை ஒரே சொல்லால் உணர்த்தப்படும். இந்தியில் சூழலுக்கு விடப்பட்ட இந்நகர்வைத் தமிழ் தன் இலக்கணத்தாலேயே வெளிப்படையாகக் கூற வல்லது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவது மொழிபெயர்ப்பாளரின் கையில் உள்ளது.