சங்குப்பூ விதை ஏன் முளைக்க மாட்டேங்குது?

அப்பத்தா வீட்டை இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் நான் போய் எடுத்துட்டு வந்தது ஒரு தீப்பெட்டி விதை மட்டும்தான். கிணற்றடி வேலியில் படர்ந்திருந்த வெள்ளைச் சங்குப்பூ. காய்ந்த நெற்றுகளை உடைத்து எண்ணினால் 26 விதைகள்.

பத்தை ஊன்றி மூன்று வாரம் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுதான் முளைத்தது, அதையும் நத்தை தின்றுவிட்டது. மீதி விதைகள் செத்துப் போச்சுன்னு நினைச்சு மண்ணைக் கிளறினால், ஒன்பதும் போட்டது போட்டபடி கல் மாதிரி இருந்தன. அழுகக்கூட இல்லை. அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

சங்குப்பூ அவரைக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் பல விதைகளின் தோலில் நெருக்கமாக அடுக்கிய செல்கள் உண்டு. அதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. உள்ளே கரு உயிரோடுதான் இருக்கும், ஆனால் நனையாமல் இருக்கும். முதல் மழைக்கே எல்லா விதையும் முளைத்து, அடுத்த மழை பொய்த்தால் மொத்தமும் போச்சு. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக முளைப்பது செடிக்கு லாபம். உளுந்து, மொச்சையெல்லாம் ஒரே ராத்திரியில் ஊறுவது, சட்டென்று முளைப்பதையே நாம் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்ததால்தான்.

ஆகவே தோலைத் திறந்துவிட வேண்டும். உப்புத்தாளில் விதையின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்க்கணும். நெற்றோடு ஒட்டியிருந்த தழும்பின் பக்கம் வேண்டாம், முளை வருவது அதன் அருகில்தான். உள்ளே வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்க. காலையில் உப்பியிருந்தால் நடலாம். உப்பாததை மறுபடி தேய்க்கணும். சிலர் சுடுதண்ணீரில் போடுவார்கள். 16 விதையை வைத்துக்கொண்டு எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

செங்காந்தளுக்கு இந்த வித்தை பலிக்காது. அது விதையிலிருந்து பூக்கச் சில வருஷம் ஆகும் என்பதால் கிழங்கில்தான் வளர்ப்பார்கள். விதையும் கிழங்கும் கடும் நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

இன்னொரு பயமும் இருந்தது. அப்பத்தா தெருவில் நீலச் சங்கு நிறைய உண்டு. கலந்திருந்தால்? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் கருவிளை, செருவிளை என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறார். செருவிளையை வெள்ளைச் சங்கு என்பார்கள். நிறம் இப்படிப் பிரிந்தே நிற்க ஒரு காரணம் உண்டு. பூ விரியும் முன்பே, மொட்டுக்குள்ளேயே மகரந்தப்பை வெடித்துத் தன் சூல்முடியில் படிந்துவிடும். தேனீ வருவதற்குள் பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். கலப்பே நடக்காது என்றில்லை, குறைவு.

நாலு விதையைத் தீப்பெட்டியிலேயே விட்டுவிட்டுப் பன்னிரண்டைத் தேய்த்தேன். பதினொன்று உப்பியது, ஒன்பது முளைத்தது. இரண்டு மாதத்தில் ஆறு கொடி பூத்தது, ஆறும் வெள்ளை. மீதி மூன்றில் இன்னும் மொட்டு வரவில்லை.