புகுதல், தங்குதல், மீளுதல்

நுழையும்முன்

ஆவணத்தைப் படித்துப் பொருள் கொள்வதும் மொழித்திறனே. செய்யுளுக்குப் பொருள் காண்கையில் சொல்லைப் பிரித்தும் கூட்டியும் பார்க்கும் நாம், வாழ்க்கையின் போக்கையே மாற்றவல்ல கடிதங்களை ஒருமுறை கண்ணோட்டிவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். ஆஸ்திரேலிய அரசு திறன்மிகு பணியாளர்களுக்கு வழங்கும் நுழைவிசைவுக் கடிதத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் சொற்கள் விதிக்கும் நிபந்தனைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

எம்மிடம் மேல்நிலை வகுப்பில் பயின்ற மாணவர் ஒருவர் பொறியியல் கற்று, மெல்போர்ன் நகரில் பணியில் அமர்ந்தார். அவர் பெற்றிருந்தது நிரந்தர நுழைவிசைவு. அங்கேயே வீடு வாங்கினார். மகளைப் பள்ளியில் சேர்த்தார். ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில் தந்தையார் நோயுற்ற செய்தி வந்தது. அன்றிரவே புறப்பட்டு ஊர் வந்து சேர்ந்தார். இரு வாரம் உடனிருந்துவிட்டுத் திரும்பிய நாளில், சென்னை விமான நிலையத்தில் பயணப்பதிவு செய்யும் முகப்பிலேயே நிறுத்தப்பட்டார். ஆஸ்திரேலியாவுக்குள் செல்ல அவருக்கு இசைவில்லை எனக் கணினி காட்டுவதாகப் பணியாளர் கூறினார். “நான் அங்கே நிரந்தரமாக வாழ்கிறேனே!” என்று இவர் வாதிட்டார். அந்நாட்டில் இருந்தவரையில் அவர் கூற்று முற்றிலும் உண்மை. அதன் எல்லையைக் கடந்தபோதே அது உண்மையல்லாததாகிவிட்டது. இதை அவர் அறிந்திருக்கவில்லை. ஆறாண்டுகளுக்கு முன் வந்த கடிதத்தில் அது ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது.

திறன்மிகு பணியாளர் நுழைவிசைவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனைப் பெறும் வழியைப் பற்றியே பேசுகின்றனர். அகவை, ஆங்கிலப் புலமை, கல்வி, பணியறிவு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. அழைப்புப் பெறும்போது விண்ணப்பதாரர் 45 அகவையை எட்டியிருத்தல் கூடாது. குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். இவற்றை இன்று கல்லூரி மாணவரும் ஒப்பிக்கின்றனர். பெற்ற பின் அதனைக் காப்பது எவ்வாறு என்பதோ அத்துணை கவனம் பெறுவதில்லை.

கடிதத்தின் நான்கு வரிகள்

2015ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலிய அரசு கடவுச்சீட்டில் நுழைவிசைவு வில்லை ஒட்டுவதில்லை. இசைவு மின்னஞ்சலில் கடிதமாக வருகிறது. அதன் நிலையை இணையவழியில் சரிபார்த்துக்கொள்ளலாம். கடவுச்சீட்டைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்ட நாள், இப்போது எங்கோ ஒரு மின்னஞ்சலுக்குள் கிடக்கிறது. மறதிக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நாட்டிற்கு வெளியே இருக்கும் ஒருவர் பெறும் நிரந்தர இசைவுக் கடிதத்தில் நான்கு செய்திகளைக் காணலாம். முதல் நுழைவு எந்த நாளுக்குள் நிகழவேண்டும் என்பது ஒன்று. எந்த நாளுக்குப் பின் வந்து சேர்தல் கூடாது என்பது மற்றொன்று. பயணம் பன்முறை எனவும், தங்கும் காலம் வரையறையற்றது எனவும் ஏனைய இரண்டு கூறும். படிப்பவரின் கண் நான்காவதில் நின்றுவிடுகிறது. வரையறையற்றது என்னும் சொல் தரும் மகிழ்ச்சியில், இரண்டாவதாக உள்ள நாள் மறைந்துபோகிறது.

புகுதல், தங்குதல், மீளுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு வினைகள். அன்றாட வழக்கில் ஒருவர் ஓரூரில் வாழ்கிறார் என்றாலே, அவ்வூருக்குப் போவதும் வருவதும் அதனுள் அடங்கிவிடும். குடியேற்றச் சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. அது ஒவ்வொரு வினைக்கும் தனித்தனியே காலம் குறிக்கிறது.

முதல் நுழைவுக்கான நாள் இசைவு வழங்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுவதன்று. காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவ ஆய்வு ஆகிய இரண்டில் எது முந்தியதோ, அதிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு என்பதே பொதுவான வழக்கம். ஒருவர் மார்ச்சு மாதத்தில் காவல்துறைச் சான்றும் மே மாதத்தில் மருத்துவ ஆய்வும் முடித்திருக்க, இசைவு டிசம்பரில் வருமாயின், அவருக்கு எஞ்சுவது மூன்று மாத அளவே. ஓராண்டு இருக்கிறதென எண்ணிப் பணிவிலகலையும் வீட்டு ஏற்பாடுகளையும் தள்ளிப்போடுவோர் இங்கே இடறுகின்றனர். கடிதத்தில் பெயருள்ள ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, அந்த நாளுக்குள் ஒருமுறை நுழைந்திருத்தல் வேண்டும். தவறினால் இசைவை நீக்குவதற்கு அதுவே காரணமாகலாம். சில கடிதங்களில், முதன்மை விண்ணப்பதாரர் நுழைவதற்கு முன் குடும்பத்தினர் நுழைதல் கூடாது என்னும் நிபந்தனையும் விதிக்கப்படுவதுண்டு. மனைவியையும் குழந்தையையும் முன்னே அனுப்பிவிட்டுப் பின்னர்ச் செல்லலாம் எனத் திட்டமிடுவோர், பயணச்சீட்டு வாங்குமுன் அவ்வரியைத் தேடிப் பார்ப்பது நன்று.

தெரிந்து தெளிவோம்

ஆஸ்திரேலியா 1901ஆம் ஆண்டில் இயற்றிய குடியேற்றத் தடைச் சட்டம், வந்திறங்குவோருக்கு ஒரு மொழித்தேர்வு வைக்க அதிகாரிகளுக்கு உரிமை அளித்தது. அதிகாரி படிக்கும் 50 சொற்கள் கொண்ட பகுதியை, அவர் தெரிவுசெய்யும் ஐரோப்பிய மொழியில் கேட்டெழுதவேண்டும். ஐரோப்பியர் அல்லாதவரைச் சட்டத்தில் நேரடியாகக் குறிப்பிடாமலேயே தடுக்கும் வழி இது. விரும்பத்தகாதவர் எனக் கருதப்பட்ட ஐரோப்பியர்மீதும் இது பாய்ந்தது. 1934இல் பிராக் நகரைச் சேர்ந்த எழுத்தாளர் எகான் கிஷ் என்பவருக்கு, அவர் பல மொழிகள் அறிந்தவராதலால், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தனர். அது அச்சட்டத்தின் பொருளில் ஐரோப்பிய மொழியாகாது என உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1958ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இத்தேர்வை ஒழித்தது.

ஐந்தாண்டும் இரண்டாண்டும்

இனி, மீளுதல். நிரந்தர இசைவுடன் பயண வசதியும் ஐந்தாண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. அந்த ஐந்தாண்டுகளில் எத்தனை முறையும் வெளியே சென்று வரலாம். ஐந்தாண்டு முடிந்த நாளில் ஒருவர் நாட்டிற்குள் இருந்தால் எதுவும் மாறுவதில்லை. அவர் வாழ்நாள் முழுதும் அங்கே வாழலாம், பணிபுரியலாம். ஆனால் அந்நாளுக்குப் பின் அவர் வெளியேறினால் இசைவு அற்றுப்போகிறது. அந்நாளில் அவர் வெளிநாட்டில் இருந்தாலும் அவ்வாறே. எம் மாணவருக்கு நேர்ந்தது இதுதான்.

இத்தகையோர்க்கென ‘வசிப்போர் மீள்வரவு விசைவு’ என ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் மொத்தம் இரண்டாண்டுகள் நிரந்தர வசிப்புரிமையோடு அந்நாட்டில் வாழ்ந்திருந்தால், மேலும் ஐந்தாண்டுப் பயண வசதி கிடைக்கும். இந்த இரண்டாண்டு தொடர்ச்சியாக இருக்கவேண்டியதில்லை. விட்டுவிட்டு வாழ்ந்த நாள்களையும் கூட்டிக்கொள்ளலாம். எம் மாணவர் ஐந்தாண்டும் அங்கேயே இருந்தவராதலால் இசைவு எளிதில் கிடைத்தது. விமானக் கட்டணமும் சில நாள் ஊதியமும் இழந்ததோடு தப்பினார்.

எம்முடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் மகளுக்கு அது அவ்வளவு எளிதாக அமையவில்லை. அவர் செவிலியர். கடிதம் குறித்த நாளுக்குள் கணவரோடும் குழந்தையோடும் அடிலெய்டு சென்று, பத்து நாள் தங்கித் திரும்பினார். மாமியாரைப் பேணும் பொறுப்பில் நான்காண்டுகளுக்கு மேல் கழிந்தன. பயண வசதி முடிய எட்டு மாதம் இருக்கையில் மீண்டும் சென்று மருத்துவமனை ஒன்றில் பணியில் சேர்ந்தார். எட்டு மாதம் முடிந்தது. அவர் அங்கே வாழ்வதற்குத் தடையேதும் இல்லை. வெளியே வந்தால் திரும்பத்தான் வழியில்லை. வாழ்ந்த நாள்களைக் கூட்டிப் பார்த்தால் ஓராண்டுகூட நிறையவில்லை. அவ்வாண்டு ஆவணியில் தங்கையின் திருமணம். அதைக் கைப்பேசித் திரையில்தான் அவர் கண்டார்.

இரண்டாண்டு நிறையாதவர்க்கும் ஒரு வழி உண்டு. பணி, தொழில், பண்பாடு, குடும்பம் ஆகியவற்றின் வழியே அந்நாட்டிற்குப் பயனளிக்கும் கணிசமான பிணைப்பு இருப்பதைக் காட்டினால், ஓராண்டுவரை பயண வசதி வழங்கப்படலாம். ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தவராயின், அதற்கான வலுவான காரணத்தையும் காட்டவேண்டும். மருத்துவமனைப் பணியைச் சான்றாக வைத்து அச்செவிலியர் விண்ணப்பித்திருக்கலாம். அப்படியொரு வழி உண்டென்பதை அவர் அறிந்தபோது திருமணம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

கனடாவும் ஐந்தாண்டில் இரண்டாண்டு என்றே கேட்கிறது. அங்கே அது 730 நாள் எனச் சட்டத்திலேயே எண்ணிக் கூறப்பட்டுள்ளது. எனினும் இரு நாட்டு விதிகளும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் இரண்டாண்டு என்பது மீண்டு வருவதற்கான தகுதி. கனடாவில் அது நிரந்தர வசிப்பவர் ஆற்றவேண்டிய கடமை; ஆற்றாதவர் அந்நிலையையே இழக்க நேரலாம். ஒரு நாட்டில் உள்ள உறவினரின் அறிவுரையை நம்பி மற்றொரு நாட்டிற்குச் செல்வோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

வட்டாரம் என்னும் சொல்

திறன்மிகு பணியாளர் இசைவு எல்லாமே நிரந்தரமானதும் அன்று. 491 என எண்ணிடப்பட்டது ஐந்தாண்டுக்கான தற்காலிக இசைவு. 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இதனைப் பெற்றவர், ஆஸ்திரேலியாவில் இருக்கும் காலத்தில், வரையறுக்கப்பட்ட வட்டாரப் பகுதியிலேயே வாழவும் பணிபுரியவும் படிக்கவும் வேண்டும். 8579 என்னும் எண்ணுடைய நிபந்தனை இது.

வட்டாரம் என்றவுடன் நம் மனத்தில் வயலும் சிற்றூரும் தோன்றும். சட்டத்தின் சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுதல் கூடாது. சட்டம் தானே கூறும் வரையறையில் தேடவேண்டும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரப் பகுதிகளை நீக்கினால் எஞ்சுவதெல்லாம் இங்கே வட்டாரமே. மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தும், தலைநகர் கான்பெராவும் இதில் அடங்கும். ஆகவே 491 என்றால் காட்டில் வாழவேண்டும் என அஞ்சி விலகுவோரும் தவறுகின்றனர். பெயரளவில் அடிலெய்டில் முகவரி வைத்துக்கொண்டு சிட்னியில் பணிபுரியலாம் என எண்ணுவோரும் தவறுகின்றனர். விடுமுறைக்குச் சிட்னி சென்று வருவதை நிபந்தனை தடுக்கவில்லை. அங்கே வாழ்வதையும் பணிபுரிவதையும்தான் தடுக்கிறது. மூன்றாண்டு கழித்து நிரந்தர இசைவுக்கு விண்ணப்பிக்கும்போது, நிபந்தனைகளைக் கடைப்பிடித்தமை ஆராயப்படும். மூன்று வருமான ஆண்டுகளுக்கான வரி மதிப்பீட்டு அறிவிப்புகளையும் இணைக்கவேண்டும். வாடகை ஒப்பந்தத்தையும் ஊதியச் சீட்டையும் தூக்கி எறிந்துவிட்டவர் அப்போது வருந்துவார்.

190 என்னும் இசைவு இதனினும் வேறுபட்டது. இது நிரந்தரமானது, ஒரு மாநிலத்தின் பரிந்துரையால் கிடைப்பது. பரிந்துரைக்கும் மாநிலம், தன்னிடத்தே பொதுவாக இரண்டாண்டு வாழ்ந்து பணிபுரிவதாக உறுதிமொழி கேட்கிறது. 8579 போன்ற எண்ணிட்ட நிபந்தனையாக அது இசைவில் இடம்பெறுவதில்லை. இதனால் இது வெறும் சொல்தானே எனக் கருதி, வந்திறங்கிய வாரமே வேறு மாநிலத்திற்குச் செல்வோரும் உளர். சட்டத்தின் நிபந்தனை வேறு, கொடுத்த வாக்கு வேறு என்பதைப் பிரித்தறிவது சரியான வாசிப்பே. ஆனால் வாக்கைக் கைவிட அவ்வேறுபாட்டைக் காரணமாக்குவது முறையன்று என்பதே எம் கருத்து. ஒரு மாநிலம் தனக்குத் தேவையான பணியாளரென நம்பித்தான் பரிந்துரை செய்கிறது.

குடியுரிமையும் வசிப்புரிமையும்

நம் நாளிதழ்கள் சில, நிரந்தர வசிப்புரிமையை ‘நிரந்தரக் குடியுரிமை’ என எழுதிவருகின்றன. இது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாகத் தோன்றலாம். படிப்பவருக்கு அது பொருட்பிழையாகவே சென்று சேர்கிறது. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் வேறொரு நாட்டின் குடிமகனாகவே தொடர்கிறார். அவர் அங்கே பணிபுரியலாம், படிக்கலாம், அரசின் மருத்துவத் திட்டத்தில் சேரலாம். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. மீள்வரவுக்குக் காலவரம்பும் அவருக்கு உண்டு. குடிமகனுக்கு அது இல்லை.

ஆஸ்திரேலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, அதற்கு முந்தைய நான்காண்டுகள் முறையான இசைவுடன் அங்கே வாழ்ந்திருத்தல் வேண்டும். அவற்றுள் இறுதி 12 மாதங்கள் நிரந்தர வசிப்புரிமையோடு கழிந்திருக்கவேண்டும். நான்காண்டிலும் சேர்த்து வெளியே இருந்த காலம் 12 மாதத்தையும், இறுதி ஓராண்டில் அது 90 நாளையும் தாண்டுதல் கூடாது. இங்கே எண்ணப்படுவது மீள்வரவுக்கான கணக்கன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்தில் இரண்டாண்டு வாழ்ந்தவருக்கு மீள்வரவு விசைவு கிடைக்கும். அவரே குடியுரிமைக்குத் தகுதியற்றவராக இருக்கலாம்.

இந்தியர் ஒருவர் தாமே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையை ஏற்றால், இந்தியக் குடியுரிமை நீங்கிவிடுகிறது. நம் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்பும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இதனை வரையறுக்கின்றன. அவ்வாறு ஏற்றவர் இந்திய அரசிடம் ‘அயலக இந்தியக் குடிமகன்’ என்னும் அட்டையைப் பெறலாம். அதைக் கொண்டு வாழ்நாள் முழுதும் இங்கு வந்து போகலாம். பெயரில் குடிமகன் என்னும் சொல் இருப்பினும், அவ்வட்டையுடையவர் இங்கே வாக்களிக்கவோ வேளாண் நிலம் வாங்கவோ இயலாது.