12 கிலோ ஸ்பிட்ஃபயர்: பதிவு எண் எங்கே?

"சார், இது டிரோன் இல்ல, ஏரோமாடல்." ஏரிக்கரையிலும் விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவுகளிலும் போலீஸ் ரோந்து வண்டி வந்து நின்றவுடன் நம்மவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். வந்த காவலருக்கும் விதி தெரியாது, பதில் சொல்பவருக்கும் தெரியாது. கடைசியில் வண்டியில் ஏறுவது விமானம்.

இரண்டாம் உலகப் போர் விமானங்களை ஐந்தில் ஒரு பங்கு அளவில் பால்சா மரத்தில் கட்டி, 55 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பூட்டிப் பறக்கவிடும் ஆசை அம்பத்தூர், ஆவடிப் பக்கம் முளைப்பதில் வியப்பில்லை. லேத்தும் வெல்டிங்கும் கைவந்த ஊர். போர்க்காலத்தில் சோழவரத்தில் ஓடுதளமும் செங்குன்றம் ஏரியில் பறக்கும் படகுகளும் இருந்த வட்டாரம். அந்தப் பெருமை இருக்கட்டும், சட்டத்துக்கு வருவோம்.

2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள், ஆளில்லாமல் பறக்கும் எதையும் ஒரே கூடையில்தான் போடுகின்றன. நான்கு விசிறி வைத்தது மட்டும் டிரோன் அல்ல, இறக்கை வைத்ததும் டிரோன்தான். 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். எரிபொருளோடு 12 கிலோ நிற்கும் உங்கள் ஸ்பிட்ஃபயர் இந்த மூன்றாம் வகை. பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாடல்களுக்கு விதியில் ஒரு சலுகை உண்டு: வகைச் சான்றிதழ் தேவையில்லை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு "நமக்கு எதுவுமே தேவையில்லை" என்று வாட்ஸப்பில் பரப்புகிறார்கள். தவறு. பதிவு எண் வேண்டும். பைலட் சான்றிதழ் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் 12 கிலோ விமானம் மோதினால், ஒரு சிமெண்ட் மூட்டை மூன்று மாடி உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். முன்னால் 22 அங்குல புரொப்பெல்லர் வேறு சுற்றிக்கொண்டு வரும்.

முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் விலையை அல்ல, வரைபடத்தை. டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்பகுதி பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை அந்த உச்சவரம்பு 200 அடியாகக் குறைகிறது. 8 கி.மீ.க்குள் போய்விட்டால் தரையிலிருந்தே அனுமதி தேவை, அதை வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம் வாங்க வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து அளந்தால் பூந்தமல்லி இந்த 8 கி.மீ. கோட்டின் ஓரத்தில் நிற்கிறது. மாங்காடு பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலே கதை மாறும். ஆகவே "பூந்தமல்லியில பறக்கலாமா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள், நிற்கிற இடத்தைத் திரையில் தொட்டுப் பாருங்கள். ஆவடி இன்னும் மோசம். கனரக வாகனத் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். என்று வரிசையாக இருக்கும் ஊரில் காலி மைதானம் தெரிகிறதே என்று இன்ஜினை முடுக்குவது துணிச்சல் இல்லை, மடத்தனம். சிவப்புப் பகுதிக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். உள்ளூர்ப் புள்ளி யாரும் அதை வாங்கித் தர முடியாது.

பறக்கும் அன்று காலையிலும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மாநில அரசு ஓர் இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்க முடியும். ஒரு தலைவர் வருகிறார் என்றால் நேற்றைய பச்சை இன்று பச்சையாக இருக்காது.

அடுத்தது காகிதம். பதிவு எண்ணுக்கான விண்ணப்பம் படிவம் டி-2, கட்டணம் 100 ரூபாய். பதிவு வேலைகள் இப்போது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இ-ஜி.சி.ஏ. தளத்துக்கு மாறியிருக்கின்றன; பழைய வீடியோவைப் பார்த்துத் தவறான தளத்தில் மல்லாடாதீர்கள். வீட்டில் கட்டிய விமானத்தில் பலர் சிக்கிக்கொள்வது வரிசை எண்ணில். கட்டுப்பாட்டுக் கருவி, டிரான்ஸ்மிட்டர் இவற்றின் வரிசை எண்களோடுதான் பதிவு எண் பிணைக்கப்படும். ஆகவே உடலை மூடி ஷீட் ஒட்டுவதற்கு முன்பே உள்ளே போகும் ரிசீவரின் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.

பைலட் சான்றிதழில் இன்னொரு பொறி. பொழுதுபோக்குக்குப் பறப்பவர்களுக்கு 2 கிலோ வரைதான் விலக்கு. அதற்கு மேல் 18 வயது நிறைந்து, பத்தாம் வகுப்பு தேறி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்தாக வேண்டும். பணம் கட்டும் முன் கேளுங்கள்: சான்றிதழில் ஏரோபிளேன் என்று வருமா, ரோட்டர்கிராஃப்ட் என்று வருமா? பெரும்பாலான வகுப்புகள் நான்கு விசிறிக்காரர்களுக்கானவை. பாஸ்போர்ட் இல்லை என்று திருப்பி அனுப்பினால், 2023 செப்டம்பர் திருத்தத்தைக் காட்டுங்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போதும்.

கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு: முழுதாகவோ பாதி பிரித்தோ முழுக்கப் பிரித்தோ டிரோன் இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரி 9 முதல் தடுத்திருக்கிறார்கள், உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. 'கிட்' என்று எழுதிய பெட்டியைச் சுங்கத்தில் எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று ஏஜென்ட்டிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்துவிட்டோம், போதாதா? போதாது, போதவே போதாது. அது தகவல், அனுமதி அல்ல. ஆனாலும் கொடுங்கள், முத்திரையிட்ட நகல் கையில் இருந்தால் பாதி வாக்குவாதம் மிச்சம். நிலத்துக்காரரின் கடிதமும் வேண்டும். வற்றிய ஏரி யாருக்கும் சொந்தமில்லை என்று நினைப்பவர்கள் நீர்வளத் துறையை மறந்துவிடுகிறார்கள்.

விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சத்தமில்லாமல் உடைந்த இறக்கையைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்புவதுதான் இங்கே வழக்கம். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது பதிவு எண்ணையும் சான்றிதழையும்தான். இரண்டும் இல்லாமல் பாலிசி மட்டும் இருந்து என்ன பயன்?

விமானத்தைப் பறிமுதல் செய்தால் கத்தாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். என்னென்ன எடுத்தார்கள் என்று மகஜரில் பொருள் வாரியாக எழுதச் சொல்லி நகல் கேளுங்கள்: டிரான்ஸ்மிட்டர், பேட்டரி, இன்ஜின் எண் எல்லாம் அதில் வர வேண்டும். "பெரிய பொம்மை விமானம் 1" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பப் பெறுவது ஸ்டேஷன் வாசலில் அல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 503-ஆம் பிரிவின்கீழ் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ உங்கள் காவல் நிலையம் எதன் எல்லையில் வருகிறதோ அந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். மனுவோடு பில், பதிவு எண், படங்கள்.

இன்னும் ஒன்று. சிக்னல் அறுந்து ஃபெயில்சேஃப் வேலை செய்தால் த்ராட்டில் இறங்க வேண்டும், இக்னிஷன் அணைய வேண்டும். தரையில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்காமல் யாரும் மெய்டனுக்கு, அதாவது முதல் பறப்புக்கு, போகாதீர்கள். அப்படியும் உயர் அழுத்தக் கம்பியில் மாட்டிக்கொண்டால், மூங்கில் கழியை எடுக்காதீர்கள், ஈரமோ காய்ந்ததோ எந்தக் கழியையும் எடுக்காதீர்கள். மின்வாரியத்தின் மின்னகத்தை அழையுங்கள்: 94987 94987. அவர்கள் வந்து லைனை நிறுத்தும் வரை கம்பிக்குக் கீழே யாரையும் போக விடாதீர்கள்.