ஓசூர் சூப்பர்வைசருக்கு எந்தச் சான்றிதழ்?

ஓசூர் சிப்காட்டில் ஒரு சிறு ஆலை. இருசக்கர வாகன நிறுவனம் ஒன்று தன் அடுத்த மாடலுக்கான அலுமினியப் பிராக்கெட்டை அந்த ஆலையிடம் ஒப்படைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிராயிங் கைக்கு வந்துவிட்டது. டை, அதாவது வார்ப்பு அச்சு, செய்து வாங்கப் பத்து வாரம் ஆகும். மெஷினிங் ஃபிக்ஸ்சருக்கு ஆறு வாரம், அளவு பார்க்கும் கேஜுக்கு நான்கு வாரம். டை வந்த பிறகுதான் ட்ரையல் வார்ப்பு. அதற்கு இரண்டு வாரம். வார்த்ததை மெஷினிங் செய்து, அளந்து, சாம்பிளையும் ஆவணங்களையும் வாடிக்கையாளரிடம் கொடுக்க மூன்று வாரம். மொத்தம் எத்தனை வாரம்?

எல்லாவற்றையும் கூட்டினால் 25 வரும். ஆனால் டை, ஃபிக்ஸ்சர், கேஜ் மூன்றையும் ஒரே நாளில் ஆர்டர் செய்துவிட்டால் 15 வாரத்தில் வேலை முடியும். ஃபிக்ஸ்சரும் கேஜும் பன்னிரண்டாவது வாரம் முடியும்போதுதான் தேவை. எனவே ஃபிக்ஸ்சர் ஆறு வாரம் தாமதித்தாலும், கேஜ் எட்டு வாரம் தாமதித்தாலும் கெடு தவறாது. டை ஒரே ஒரு நாள் பிந்தினால் எல்லாமே ஒரு நாள் பிந்தும். இது புரிந்த சூப்பர்வைசர் தினமும் டை செய்யும் டூல் ரூமுக்குத்தான் போன் போடுவார். புரியாதவர் யார் சத்தமாகப் புகார் சொல்கிறாரோ அவர் பின்னால் ஓடுவார். இரண்டு பேருடைய உழைப்பும் ஒன்றுதான். வண்டி ஏறும் தேதியில்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தக் கணக்குக்குக் கிரிட்டிக்கல் பாத் முறை என்று பெயர். 1957-இல் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயன நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் என்ற இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்று இன்று வகுப்பில் நடத்தப்படும் பாடத்தின் முதுகெலும்பு இவைதான்.

ஓசூர்க்காரர்களுக்கு இந்தப் பாடம் வேறு பெயரில் ஏற்கெனவே பழக்கம். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய மூன்று கார் நிறுவனங்களும் 1990-களில் தங்கள் சப்ளையர்களுக்கென்று பொது விதிமுறைகள் எழுதின. புது பாகத்தைத் திட்டமிடுவது முதல் ஒப்புதல் வாங்குவது வரை என்னென்ன எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அவைதான் ஏபிக்யூபி, பிபிஏபி (ஆலைப் பேச்சில் ‘பி-பேப்’). சிப்காட்டிலும் சிட்கோவிலும் உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் ‘பி-பேப் சப்மிஷன்’ என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு வாரம் கழியாது. நாலைந்து பி-பேப் முடித்துக் கொடுத்தவர், ஒரு லைனைப் பிரித்து வேறு ஷெட்டில் நிறுவியவர், புது மெஷினை இறக்கி ஓட்டிக் காட்டியவர் எல்லாருமே புராஜெக்ட் மேனேஜர் வேலை பார்த்தவர்கள்தான். அடையாள அட்டையில் சீனியர் சூப்பர்வைசர் என்று இருக்கும், அவ்வளவே.

வருத்தம் இங்கேதான். அதே ஆலையில் புராஜெக்ட் இன்ஜினியர் பதவி காலியானால், பட்டமும் சான்றிதழும் வைத்திருப்பவர் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்துவிடுகிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுப் பத்து ஆண்டு லைனில் நின்றவர் புதியவருக்கு ஆலையைச் சுற்றிக்காட்டுகிறார்.

இந்த மண்ணில் வேலையோடு கல்வி சேர்ந்து வந்ததற்குச் சான்று உண்டு. டிட்கோவும் டாடாவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலைக்காக அன்றைய தர்மபுரி மாவட்டக் கிராமங்களின் பள்ளிகளில் படித்து முடித்த இளைஞர்களை எடுத்து, கடிகாரம் செய்யப் பழக்கியது. அனுபவசாலிகளை வேறெங்கிருந்தோ அழைத்து வருவதைவிட அது கடினமான வழி. ஆனால் அந்த வழியில்தான் உலகத் தரக் கடிகாரங்கள் இங்கிருந்து போயின.

இப்போது சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். சந்தையில் எல்லாமே ‘சர்டிஃபிகேட்’ என்ற ஒரே பெயரில்தான் விற்பனையாகின்றன. இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்ததற்குத் தரும் தாளும் சான்றிதழ்தான். பல்கலைக்கழகம் ஓராண்டு நடத்தித் தருவதும் சான்றிதழ்தான். லட்சக்கணக்கில் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது, ‘இதில் என்னைச் சோதித்துப் பார்ப்பது யார்?’ என்பதுதான். சோதனையே இல்லாத தாளை வேலைக்கு எடுப்பவரும் மதிப்பதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயரைப் போட்டு ஆன்லைன் நிறுவனங்கள் தரும் அங்கீகாரமற்ற பட்டங்களைப் பற்றி யுஜிசியே 2023 டிசம்பரில் எச்சரித்தது.

உலக அளவில் அதிகம் கேட்கப்படுவது பிஎம்பி. 1969-இல் தொடங்கிய அமெரிக்காவின் பிஎம்ஐ அமைப்பு 1984 முதல் இந்தத் தேர்வை நடத்துகிறது. பெங்களூரில் அதற்குக் கிளை இருக்கிறது. பலர் அறியாத ஒரு செய்தி: இதை எழுதப் பட்டம் கட்டாயமில்லை. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 36 மாதம் திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவத்தைக் காட்ட வேண்டும். பட்டம் இல்லாதவருக்கு அந்தக் காலம் கூடும், 60 மாதம் வரை. அதோடு 35 மணி நேர வகுப்பும் தேவை. பதவிப் பெயர் என்ன என்பதல்ல, என்ன வேலையை நடத்தினீர்கள் என்பதே கணக்கு. ஆகவே லைன் மாற்றம், மெஷின் நிறுவல், பி-பேப் என்று செய்த ஒவ்வொன்றையும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, உங்கள் பொறுப்பு என்று இன்றே எழுதி வையுங்கள். பின்னால் நினைவிலிருந்து தேடி எழுதுவது பெரும்பாடு. கட்டணம் பல ஆயிரம் ரூபாய் ஆகும், தேர்வும் லேசானதல்ல. அனுபவம் குறைந்தவர் அவசரப்பட வேண்டாம்.

அவர்களுக்கு நான் சொல்வது என்பிடெல். ஐஐடிகள் நடத்தும் இந்த இணையவழிப் பாடங்களைக் கேட்பதற்குக் காசில்லை. ஐஐடி ரூர்க்கி நடத்தும் ‘புராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஃபார் மேனேஜர்ஸ்’ நல்ல தொடக்கம். வாராவாரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. தேர்வுக் கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவில்தான். அதைவிட முக்கியமான வசதி ஒன்று உண்டு: வீடியோவை எந்த நேரத்திலும் பார்க்கலாம். இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட் என்று மாறுகிறவருக்கு ‘தினமும் மாலை ஏழு மணி லைவ்’ என்ற வகுப்பு மாதத்தில் பாதி நாள் கிடைக்காது. பணம் கட்டிவிட்டுப் பாதியில் விடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். அந்த வகுப்புகளின் நேரம், காலை ஒன்பது முதல் ஆறு வரை வேலை பார்க்கும் பெங்களூர் ஐடி ஊழியருக்காகப் போட்டது.

கனடாவில் ஓராண்டு புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ் படித்து அங்கேயே தங்கிவிடலாம் என்று கடன் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் முதல், கல்லூரிப் படிப்பு முடித்தவருக்குத் தரும் வேலை அனுமதிக்கு அங்கே படிப்புத் துறையும் பார்க்கப்படுகிறது. வணிக மேலாண்மைப் படிப்புகள் பல அந்தப் பட்டியலில் இல்லை. சரிபார்க்காமல் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்.

தனிமனிதர் மட்டும் முயன்று இது தீராது. ஓசூரிலேயே அதியமான் பொறியியல் கல்லூரி இருக்கிறது, பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சிறு, குறு ஆலைகளுக்கு ஹோஸ்டியா சங்கம் இருக்கிறது. இவை சேர்ந்து வகுப்பு நடத்தலாம்: ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வகுப்பு, அதே பாடம் புதன்கிழமை பிற்பகல் இன்னொரு முறை. எந்த ஷிப்டில் இருப்பவரும் ஏதாவது ஒன்றுக்கு வரலாம். தமிழில் விளக்கம், ஆங்கிலத்தில் கலைச்சொற்கள். பாடத்துக்குள் வரும் கணக்குகள் இங்குள்ள டை, ஃபிக்ஸ்சர், பவர் கட், வெண்டார் தாமதம் பற்றியவையாக இருக்க வேண்டும். கட்டணத்தில் பாதியை ஆலை ஏற்கட்டும், மீதியைத் தேர்ச்சி பெற்ற பிறகு திருப்பித் தரட்டும். ஒரு லைன் ஒரு வாரம் பிந்துவதால் வரும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் முதலாளிக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது.

பெண்களை இதில் மறக்கக் கூடாது. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பங்கு இளம்பெண்கள். போச்சம்பள்ளி ஓலா ஆலையும் பெண்களையே முன்னிறுத்தித் தொடங்கியது. விடுதியில் தங்கி லைனில் அசெம்பிளி செய்கிற பெண், ஐந்தாண்டு கழித்தும் அதே இருக்கையிலேயே இருக்க வேண்டுமா? விடுதியில் ஒரு அறை, நல்ல இணைய இணைப்பு, வாரம் ஒருமுறை சந்தேகம் தீர்க்க ஓர் ஆசிரியர். இவ்வளவு இருந்தால் என்பிடெல் பாடத்தை இருபது பேர் சேர்ந்தே படிக்கலாம். ஆலைகளின் மனிதவளப் பிரிவுகள் அடுத்த பருவத்துக்கான பதிவு திறக்கும்போதே இதைத் தொடங்கிவிடலாம்.