விண்ணப்பத்தில் விடுபடும் பக்கம்

தொண்டு நிறுவனங்கள் நிதியுதவி வேண்டி எழுதும் விண்ணப்பங்களில் பல, தேவையை உருக்கமாக எடுத்துரைக்கின்றன. கட்டடச் செலவையும் கணக்கிட்டுக் காட்டுகின்றன. நிதி நின்ற பின்னர் அப்பணியை எவர், எதைக்கொண்டு நடத்துவார் என்னும் வினாவுக்கோ ஒரு வரியே விடையாகிறது.

இவ்வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. திருவரங்கம் உள்ளிட்ட சோழநாட்டுக் கோயில்களின் சுவர்களில் நொந்தா விளக்குக் கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன. சோழர் காலத்தில் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடுவது பெருவழக்கு. ஆடுகளை ஏற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்பது கல்வெட்டு மரபு. இறப்பனவற்றையும் மூப்பனவற்றையும் குட்டிகளால் ஈடுசெய்து, முதலைக் குறையாது காப்பதே அதன் பொருள். விளக்கைக் கொடுத்தவர் நெய்க்கும் வழி கண்டார். பொறுப்பாளரையும் கல்லில் எழுதிவைத்தார்.

காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளி நகரிலேயே நம் காலத்துச் சான்று ஒன்றுண்டு. கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனம், வாட்டர் எய்டு அமைப்பின் நிதியுதவியோடு, குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பிடங்களை அப்பகுதிப் பெண்கள் குழுக்களே நடத்துமாறு செய்தது. பயன்படுத்துவோர் தரும் சிறு கட்டணத்தினின்று துப்புரவுப் பணியாளர் ஊதியமும் மின்கட்டணமும் செலுத்தப்பட்டன. கல்மந்தைக் குடியிருப்பு 2002-இல் திறந்தவெளிக் கழிப்பு அற்ற பகுதியாக அறிவிக்கப்பட்டது. கட்டடத்திற்கு மட்டும் நிதி கேட்டிருப்பின், பூட்டிய கட்டடங்கள் சிலவே மிஞ்சியிருக்கும் என்பது நம் கருத்து.

ஆதலின், வரவு செலவுத் திட்டத்தில் தொடக்கச் செலவையும் தொடர் செலவையும் தனித்தனியே காட்டுதல் வேண்டும். கொள்ளிடக் கரையில் மாலைப் பள்ளியொன்று தொடங்குவதாகக் கொள்வோம். ஆசிரியர் ஊதியத்தில் முதலாண்டு முழுமையும், அடுத்த ஆண்டு பாதியும், மூன்றாமாண்டு கால்பங்கும் கோரி, எஞ்சியதை எவரிடமிருந்து திரட்டுவோம் என்று எழுதலாம்.

அயல்நாட்டு நிதியை நாடுவோர்க்கு இது இன்னும் இன்றியமையாதது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெற்ற நிதியைப் பிற அமைப்புக்கு மாற்றுவதையும் தடை செய்தது. தலைமை நிறுவனம் பெற்றுச் சிற்றமைப்புகளுக்குப் பகிர்ந்தளித்த பழைய வழி இதனால் அடைபட்டது. சிற்றமைப்புகள் தாமே பதிவு பெறவேண்டும். அன்றேல் உள்நாட்டு நிதியை நாடவேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற விரும்புவோர், 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள தனிப்பதிவை விண்ணப்பத்திற்கு முன்னரே முடித்திருத்தல் நலம்.