பெட்டிமுடி: மண்ணுக்கு அடியில்தான் சொந்த நிலம்

தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெறுவது என்றால் வீட்டைக் காலி செய்வது. 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மலைச்சரிவில் மாண்ட எழுபது பேரும் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள்.

மூணாறு சி.எஸ்.ஐ. தேவாலயத்தை ஒட்டிய குன்றில் ஒரு பழைய கல்லறை இருக்கிறது. எலினோர் நைட் என்ற இளம் ஆங்கிலப் பெண்மணியுடையது. தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த கணவருடன் மலையேறி வந்தவர், 1894 டிசம்பரில் காலராவில் இறந்துபோனார். அவர் ஆசைப்பட்ட இடத்திலேயே புதைத்தார்கள். தேவாலயம் எழும்பியது பிறகுதான், 1911-இல். கோயிலுக்கு முன்பே கல்லறை வந்த ஊர் என்று சுற்றுலா வழிகாட்டிகள் இதை ஒரு வேடிக்கையாகவே சொல்வார்கள்.

அந்தக் கல்லறைக்கு 126 ஆண்டுகள் கழித்து, மூணாறிலிருந்து சற்றுத் தள்ளி ராஜமலையில் இன்னொரு புதைகுழி தோண்டப்பட்டது. இயந்திரம் தோண்டிய நீளமான குழிகள். பெட்டிமுடி மண்சரிவில் கிடைத்த உடல்களை வரிசையாக அதில் வைத்தார்கள். கொரோனா காலம். முகக்கவசமும் மழைக்கோட்டும் அணிந்தவர்கள் சுற்றி நிற்க, யார் உடல் எது என்று அடையாளம் சொல்லும் உறவினர்களில் பலரே வந்து சேர முடியாத நிலை. இந்த இரண்டு கல்லறைகளுக்கும் நடுவே இந்த மலையில் கொழுந்து கிள்ளி, கவாத்து வெட்டி, மருந்தடித்து மாய்ந்த தமிழர்கள் எத்தனை தலைமுறை! பெயர் பொறித்த கல் அவர்களில் மிகச் சிலருக்கே வாய்த்திருக்கும். கூட்டமாகச் செத்தபோதுதான் நினைவிடம் என்று ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது.

பெட்டிமுடி என்பது கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்தின் நயமக்காடு எஸ்டேட்டில் ஒரு டிவிஷன். மூணாறிலிருந்து போகும் வழியில் இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடு பார்க்கும் கூட்டம், தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனமுடி (2,695 மீட்டர்) எல்லாம் தாண்ட வேண்டும். முதுவர் குடிகள் மட்டுமே உள்ள இடமலைக்குடிக்குப் போகிறவர்கள் பெட்டிமுடி வழியாகத்தான் காட்டுக்குள் நுழைவார்கள். மற்றபடி வெளியுலகத்துக்கு அந்த இடத்தில் வேலை எதுவும் இருந்ததில்லை.

அன்றிரவு பத்தரை மணிக்கு மேல் மலை இறங்கியது. பல நாளாக அடைமழை. லயங்களுக்கு மேலே, பூங்காவின் புல்மலையில் தொடங்கிய சரிவு பாறையும் மரமுமாக ஓடை வழியே உருண்டு வந்து லயங்களின் மேல் விழுந்தது. மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. மூணாறுக்கு வரும் வழியிலிருந்த பெரியவாரைப் பாலமும் மழையில் சேதப்பட்டுக் கிடந்தது. விடிந்த பிறகுதான் செய்தி வெளியே வந்தது. இருட்டில் ஓலமிட்டவர்களுக்கு அக்கம்பக்கத்து லயத்துக்காரர்கள் மட்டுமே துணை. உயிரோடு மீண்டவர்கள் 12 பேர். 66 உடல்கள் கிடைத்தன; சில உடல்கள் ஆற்றோடு பல கிலோமீட்டர் போயிருந்தன. நான்கு பேர் கிடைக்கவே இல்லை.

பத்திரிகைகள் அவர்கள் எல்லோரையும் ‘தோட்டத் தொழிலாளர்கள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கின. ஆனால் லயம் என்பது வேலையாட்கள் மட்டும் தங்கும் கொட்டகை அல்ல. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகள். ஒரு வீட்டுக்கு ஓர் அறை, ஒரு அடுப்படி, முன்னால் துண்டுத் திண்ணை. அதற்குள் மூன்று தலைமுறை. கொழுந்துக்குப் போகும் மருமகள், பள்ளி மூடிக்கிடந்ததால் வீட்டிலிருந்த பிள்ளைகள், இவர்களோடு வேலையிலிருந்து நின்றுபோன பெரியவர்கள். எந்த ஏட்டிலும் பெயர் இல்லாதவர்கள் இந்தக் கடைசி வகையினர்தான். சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. வீட்டுக்கும் அவர்கள் உரிமைக்காரர்கள் அல்ல, மகனுடைய அல்லது மருமகளுடைய அறையில் ஒண்டியிருப்பவர்கள்.

தோட்டத்தில் 58 வயதில் ஓய்வு. பதினேழு, பதினெட்டு வயதில் கூடையைத் தோளில் மாட்டிய பெண்ணுக்கு அதற்குள் நாற்பது வருடச் சேவை முடிந்திருக்கும். கூடைபோய்க் கத்திரி வந்ததையும், தாத்தா காலத்துக் கங்காணி போய்த் தொழிற்சங்கக் கொடி வந்ததையும், வெள்ளைக்கார துரையின் பங்களாவில் டாடா மானேஜர் குடியேறியதையும் பார்த்தவள் அவள். முழங்கால் தேய்ந்திருக்கும். அட்டைக் கடியின் தழும்பும் விரல் நுனியில் தேயிலைக் கறையும் போகாது. லயத்தில் முதல் பிரசவத்துக்குத் துணை நின்றவள், செத்த வீட்டில் முதல் குரல் கொடுப்பவள், மாரியம்மன் திருவிழாவுக்கு யார் வீட்டில் எவ்வளவு வரி என்று மனப்பாடமாகச் சொல்பவள் என்று ஒவ்வொரு லயத்திலும் இப்படி ஒரு கிழவி உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் ஏழரை மணிக்குக் காட்டில் நின்றாக வேண்டும். அதன் பிறகு பகல் முழுவதும் லயத்தை ஆள்வது இந்தக் கிழவிகளும், வாசலில் பீடி புகைக்கும் கிழவர்களும்தான்.

ஆனால் சட்டப்படி அவர்கள் அங்கே விருந்தாளிகள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையில் இருப்பவருக்கு வீடு தரச் சொன்னது. வேலை போனால் வீடும் போகும். ஓய்வு பெறுகிறவர் அறையைக் காலி செய்து ஒப்படைத்தால்தான் கிராஜுவிட்டி கைக்கு வரும் என்பது பல தோட்டங்களில் நெடுநாள் நடைமுறை. இதிலிருந்து தப்ப ஒரே வழி, வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் பதிவது. படித்து வெளியேறியிருக்கக்கூடிய மகனும், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகளும் கொழுந்துக் காட்டில் நின்றதற்குப் பாதிக் காரணம் கூலி அல்ல, அந்த ஓர் அறை. பெற்றவர்களின் முதுமைக்குப் பிள்ளைகள் செலுத்திய வாடகை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

சரி, கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டு போய்விடலாமே என்று கேட்கலாம். எங்கே போவது? கணக்கைப் பார்த்தால் புரியும். சட்டம் சொன்ன கணக்கு, ஒரு வருடச் சேவைக்குப் பதினைந்து நாள் கூலி. 2015 போராட்டத்துக்குப் பிறகு உயர்த்தப்பட்ட தினக்கூலி 301 ரூபாய். அந்தக் கூலியில் 35 வருடம் உழைத்து நிற்பவருக்கு வருவது 1,58,025 ரூபாய். மூணாறில் அதற்கு ஒரு சென்ட் நிலம் வாங்குவது கனவு. மகள் கல்யாணக் கடன் முன்னால் நிற்கும். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்துக்கு 2014-இல் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய்.

ஊர் என்று ஒன்று இருக்கிறது, உண்மைதான். பெட்டிமுடியில் இறந்தவர்களில் பெரும்பகுதியினருக்கு அது தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. கங்காணிகள் கூட்டிவந்த காலத்தில் போடி வழியாகக் கால்நடையாய் ஏறியவர்களின் சந்ததி. கொடைக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் ஊர். கொஞ்சம் சாமர்த்தியசாலிகள் அங்கே இரண்டு அறை கட்டிப் போட்டிருப்பார்கள். ஆனால் நாற்பது வருடம் குளிரில் கிடந்த உடம்பு கயத்தாறு வெயிலைத் தாங்குவதில்லை. அங்கே அவர்கள் ‘மூணாத்துக்காரங்க’. இங்கே ‘தமிழர்கள்’. 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனபோது மொழி எல்லை ஒரு பக்கமும் வயிறு மறுபக்கமுமாக நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், 2020-இல் சொந்தச் சாவுக்கு இ-பாஸ் வாங்கி மலையேற வேண்டியிருந்தது.

இந்த மலையில் நிலத்துக்கா பஞ்சம்? 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல். 1971-இல் கேரள அரசு ஒரு தனிச் சட்டமே போட்டு அந்த நிலத்தை மீட்டது. மீட்டதை விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் பகிர்வது அதன் நோக்கங்களில் ஒன்று. சுமார் 57 ஆயிரம் ஏக்கர் தேயிலைக்கும் அதைச் சார்ந்த தேவைகளுக்கும் என்று நிறுவனத்திடமே விடப்பட்டது. மீட்ட நிலத்தில் ஒரு பகுதி 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் இரவிகுளம் தேசியப் பூங்காவானது. வரையாட்டுக்கு வீடு கிடைத்ததில் யாருக்கும் வருத்தமில்லை. அதே மலையில் ரிசார்ட்டுகளும் முளைத்தன. 2007-இல் அச்சுதானந்தன் அரசு இயந்திரங்களை அனுப்பிச் சிலவற்றை இடிக்கும் அளவுக்கு முளைத்தன. தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்களுக்கு ஐந்து சென்ட் அளந்து தருவதுதான் எந்த அரசுக்கும் முடியாத காரியமாக இருந்தது. 2005-இல் டாடா டீ விலகி, ஊழியர்களே பெரும்பான்மைப் பங்குகள் வைத்திருக்கும் கம்பெனியாக மாறிய பிறகும், பங்குதாரர் 58 வயதில் லயத்தைக் காலி செய்யத்தான் வேண்டும்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் பெண்கள். 2015 செப்டம்பரில் ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான கொழுந்துப் பெண்கள் ஒன்பது நாள் மூணாறை மறித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. கேட்டது 20 சதவீத போனஸ், அது கிடைத்தது. 500 ரூபாய் தினக்கூலியும் கேட்டார்கள். 232 ரூபாய் 301 ஆனது. ஆனால் கோஷங்களுக்கு நடுவே வீடும் நிலமும் வந்து வந்து போயின. தலைவர்கள் பிள்ளைகளுக்கு வீடு இருக்கிறது, எங்களுக்கு லயம்தானா என்பதுதான் சாரம். ஐந்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 13 அன்று முதல்வர் பினராயி விஜயனும் ஆளுநர் ஆரிப் முகமது கானும் பெட்டிமுடிக்கு வந்தார்கள். அன்று மூணாறில் முதல்வரை மறிக்க முயன்றதாகக் கைது செய்யப்பட்டவர், அந்தப் போராட்டத்தின் தலைவிகளில் ஒருவரான கோமதி. அப்போதும் அவர் கேட்டது தொழிலாளிக்குச் சொந்த நிலம், சொந்த வீடு.

செத்த பிறகும் ஒப்பீடு விடவில்லை. மண்சரிவுக்கு மறுநாள் மாலை கரிப்பூர் விமான நிலையத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விபத்துக்குள்ளானது. அதில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு பத்து லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம். வீடு முதலான உதவிகள் தனி என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். லயத்துக்காரர்கள் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை.

அரசு சொன்னபடி வீடும் வந்தது. குற்றியாறுவாலியில் எட்டுக் குடும்பங்களுக்குத் தலா ஐந்து சென்ட் நிலம் அரசு தர, நிறுவனம் வீடு கட்டிக்கொடுத்தது. 2021-இல் சாவி கைமாறியது. ஓய்வு பெற்றாலும் காலி செய்ய வேண்டாத வீடு! ஆனால் அந்தப் பரம்பரையில் அதை வாங்கித் தந்தது நாற்பது வருடச் சேவை அல்ல, மண்சரிவு. பக்கத்து டிவிஷன்களில் 57 வயதில் நின்றவர்கள் அந்த எட்டு வீடுகளை எந்த மனநிலையில் பார்த்திருப்பார்கள் என்று விவரிக்கத் தேவையில்லை.

பெட்டிமுடியின் முதியவர்களில் எல்லோரும் அன்று சாகவில்லை. சிலர் வேறு டிவிஷனில், வேறு மகள் வீட்டில் இருந்ததால் மிஞ்சினார்கள். மகனையும் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே இரவில் இழந்து, யாருடைய அறையில் ஒண்டுவது என்ற கேள்வியோடு மிஞ்சினார்கள். ‘குவி’ என்ற நாயின் கதையைக் கேரளம் முழுவதும் அறியும். தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையை நாட்கணக்கில் தேடியலைந்து, ஆற்றுப் பாலத்தடியில் அதன் உடல் சிக்கியிருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்த நாய். காவல்துறை மோப்பநாய்ப் பிரிவு அதைக் கொண்டுபோய் வளர்த்தது. பத்திரிகைகள் படம் போட்டன. அந்த வீட்டில் எஞ்சிய பாட்டி நாயைத் திருப்பிக் கேட்டார் என்பதும், 2021-இல் அது அவரிடமே திரும்பியது என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. மகன், மருமகள், பேத்திகள் இருந்த வீட்டில் இப்போது உறவென்று சொல்ல அவருக்கு அந்த நாய் இருந்தது.

இது மூணாறின் கதை மட்டும் அல்ல. பாலக்காட்டு மாவட்டத்து நெல்லியாம்பதியில் லயத்துக்குப் பெயர் பாடி; மற்ற எல்லாம் ஒன்றுதான். பீர்மேட்டில் இன்னும் மோசம். 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்து தோட்டங்கள் மூடப்பட்டபோது, கிராஜுவிட்டி பாக்கி நின்ற முதியவர்கள் பணம் வரும் வரை போகமாட்டோம் என்று லயத்திலேயே தங்கினார்கள். பணம் வருவதற்குள் கூரை ஒழுகியது, சுவர் விழுந்தது, பலர் காலமாகியும் விட்டார்கள். வயநாட்டில் 2019-இல் புத்துமலை, 2024 ஜூலை 30-இல் முண்டக்கை, சூரல்மலை. அங்கும் மண்ணில் போனவர்களில் பாடிகளில் குடியிருந்த தோட்டக் குடும்பங்கள் உண்டு. அடையாளம் தெரியாத உடல்களைப் புத்துமலையில் எண் போட்டுப் புதைத்தார்கள். தப்பியவர்களுக்குக் கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தை எடுத்து, குடும்பத்துக்கு ஏழு சென்ட்டில் ஒரு வீடு என்று நகரியம் கட்ட 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டியது அரசு. தேயிலை நிலத்தை எடுத்துத் தொழிலாளிக்குக் கொடுக்க முடியும் என்பது அதில் தெரிந்தது.

2025 நவம்பரில் தோட்டத் தொழிலாளர் சட்டமும் கிராஜுவிட்டிச் சட்டமும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போயின. பெயரும் பிரிவு எண்ணும் மாறின. வேலையிலிருந்து ஓய்ந்தவர் எங்கே குடியிருப்பார் என்பதற்கு அவற்றிலும் இடமில்லை.

ராஜமலை நினைவிடத்துக்கு ஒவ்வொரு ஆகஸ்ட் 6-ஆம் தேதியும் உறவினர்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாக வருகிறார்கள். கயத்தாற்றிலிருந்து வருகிறவர்களும் உண்டு. அநேகமாக அன்றைக்கும் மழை இருக்கும். மறுநாள் வேலை நாள் என்றால், தோட்டத்தில் பேர் உள்ளவர்கள் மாலைக்குள் லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.